‘விவசாய குரூப்’ என்றால் கடைசி குரூப்பா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுவாரம். கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியின் வராண்டாவில் பிளஸ்-1 சேர்க்கைக்கு மேசை போட்டிருக்கிறார்கள். நூறு நாள் வேலைக்கு அன்று போகாமல் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார் ஒரு தாய்.

“என்ன குரூப் சார் கெடைக்கும்?”

“மார்க் 300 தானேம்மா வாங்கியிருக்கு. சயின்ஸ் குரூப் நெறஞ்சிடுச்சு. விவசாய குரூப்ல இடம் இருக்கு, எழுதிக்கவா?”

“விவசாயமா? அதைச் செய்ய வேணாம்னுதானே சார் புள்ளையப் படிக்கவே அனுப்புறேன்!”

குறிப்பிட்ட ஓர் ஊரில் நடந்த உரையாடல் அல்ல இது. வேளாண் தொழிற்கல்விப் பிரிவு உள்ள எந்தப் பள்ளி வாசலில் நின்றாலும் சேர்க்கைக் காலத்தில் காதில் விழக்கூடியதுதான். அந்தத் தாய் சொல்வதிலும் தப்பில்லை. விலை கிடைக்காமல் தக்காளியை ரோட்டில் கொட்டியதையும், நகையை அடகு வைத்து உரம் வாங்கியதையும் பார்த்தவர் அவர். ஆனால், அதன் பிறகு நடப்பதுதான் சங்கடம். சந்தையில் மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்து, அப்புறம்தான் முன்பணம் கொடுக்கிற குடும்பம், பிள்ளையின் படிப்பை அந்த மேசை முன்னால் பத்தே நிமிடத்தில் முடிவு செய்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. அக்கறை இல்லாமல் அல்ல. எந்த குரூப் எந்த வாசலைத் திறக்கும், எதை மூடும் என்று அந்த இடத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

1978-ல் வந்த பிரிவு

தமிழ்நாட்டில் பிளஸ்-2 முறை 1978-ம் ஆண்டு வந்தது. அதோடு சேர்ந்தே தொழிற்கல்விப் பிரிவுகளும் வந்தன. கல்லூரிக்குப் போக வாய்ப்பில்லாத பிள்ளைக்கும் பள்ளியை விட்டு வெளியே வரும்போது கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்பது நோக்கம். வேளாண்மை, நர்சிங், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை என்று பல பிரிவுகள் இதில் உண்டு.

நல்ல நோக்கம்தான். நடைமுறையில் என்ன ஆனதென்றால், மார்க் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடும் இடமாகப் பல பள்ளிகளில் இது மாறிப்போனது. தொழிற்கல்வி ஆசிரியர்கள் ஓய்வு பெற்றபோது, அந்த இடங்கள் பல நிரப்பப்படவில்லை. ஆசிரியர் போனதும் பிரிவும் போன பள்ளிகள் உண்டு. போர்டில் மட்டும் ‘வேளாண் அறிவியல்’ என்று எழுதியிருக்க, பாடம் நடத்த வேறு பாட ஆசிரியர் வந்து போகிற நிலையும் உண்டு. ஆகவே, இந்த குரூப்பில் சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இதுக்குன்னு வேளாண் ஆசிரியர் இருக்காரா சார்?” என்பதுதான். இரண்டாவது, “செய்முறைக்கு நிலம் எங்கே இருக்கு?” முடிந்தால் அந்த நிலத்தை ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிடலாம். கருவேலம் மண்டிக் கிடந்தால் அங்கே செய்முறை எப்படி நடக்கிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆசிரியரும் நிலமும் இருந்தால், இந்த குரூப்பைக் கடைசி இடத்தில் வைக்க எந்தக் காரணமும் இல்லை.

அந்த 5 சதவிகிதம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புகளில் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்கென 5 சதவிகித இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. இந்த இடங்களுக்கு உயிரியல், கணித குரூப் மாணவர்களோடு போட்டி கிடையாது. வேளாண் தொழிற்கல்வி படித்த பிள்ளைகள் தங்களுக்குள் மட்டும் போட்டி போட்டால் போதும். சயின்ஸ் குரூப்பில் நடுத்தர மார்க் எடுத்து, கட்-ஆஃபில் அரை மதிப்பெண்ணுக்கு இடத்தைத் தவறவிடுகிற பிள்ளை, அதே உழைப்பை இந்த குரூப்பில் போட்டிருந்தால் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ கிள்ளிகுளத்திலோ பி.எஸ்சி., வேளாண்மையில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. இந்தச் சேர்க்கைக்குத் தனி நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ்-2 மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. கோவையில் 2021-ம் ஆண்டு முதல் வேளாண்மை, தோட்டக்கலை இரண்டு பட்டப்படிப்புகளும் தமிழ் வழியிலும் நடக்கின்றன. ‘இங்கிலீஷ் வராதே’ என்று பின்வாங்குகிற பிள்ளைகளுக்கு இதையும் சொல்லி வைக்கலாம்.

பட்டம் வரை போக முடியாவிட்டால் இரண்டு வருட வேளாண்மைப் பட்டயப் படிப்பு (டிப்ளமோ) இருக்கிறது. கிராமத்துக்கு வந்து பயிர்க் காப்பீட்டுக்கும் விதை மானியத்துக்கும் அலைகிற உதவி வேளாண்மை அலுவலரை எல்லா விவசாயிக்கும் தெரியும். அவர் என்ன படித்தார் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அந்தப் பதவிக்கு அடிப்படைத் தகுதி, பிளஸ்-2-வுக்குப் பிறகு இந்த இரண்டு வருட டிப்ளமோதான். டி.என்.பி.எஸ்.சி. மூலம் தேர்வு நடக்கிறது. தோட்டக்கலைத் துறையில் உதவி தோட்டக்கலை அலுவலர் பதவிக்கும் இதேபோல டிப்ளமோ வழி இருக்கிறது. அறிவிப்பு ஆண்டுதோறும் வராது. சில வருடம் வராமலே இருந்து, திடீரென்று மொத்தமாக வரும். காத்திருக்கிற காலத்துக்கு வேறு வருமானம் வேண்டும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

அதற்கும் ஒரு வழி 2002-ம் ஆண்டிலிருந்து இருக்கிறது. மத்திய அரசின் ‘அக்ரி கிளினிக் - அக்ரி பிசினஸ்’ திட்டம். ஹைதராபாத்தில் உள்ள ‘மேனேஜ்’ நிறுவனத்தின் மேற்பார்வையில் 45 நாள் இலவசப் பயிற்சி. முடித்தவர்கள் நாற்றுப் பண்ணை, மண் பரிசோதனை நிலையம், கருவி வாடகை மையம், விதை உற்பத்தி என்று தொழில் தொடங்க, தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு வங்கிக் கடன் கேட்கலாம். நபார்டு வழியாக 36 சதவிகிதம் மானியம்; பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 44 சதவிகிதம். வேளாண் பட்டதாரிகளுக்கு மட்டுமான திட்டம் இது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிப்ளமோ முடித்தவர்களுக்கும் உண்டு. பிளஸ்-2 அளவில் வேளாண் பாடம் படித்து 55 சதவிகித மதிப்பெண் எடுத்தவர்களுக்கும் உண்டு. ‘கடைசி குரூப்’ என்று மேசை முன்னால் முகம் சுளித்த அதே குரூப்தான் அது.

மூடும் கதவுகளையும் சொல்ல வேண்டும்

இந்த குரூப்பில் சேர்ந்த பிள்ளை ‘நீட்’ எழுத முடியாது. அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். வேளாண் பொறியியல் போன்ற பி.டெக் படிப்புகளுக்குக் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் தேவை என்பதால் அதுவும் ஆகாது. தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பி.டெக் சேர வேண்டுமானால், ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். அதற்கும் கணிதம் இல்லாமல் நடக்காது. டெல்டாவில் பிறந்து, அந்த நிறுவனத்தின் வாசல் வழியாக தினமும் பஸ்ஸில் போகிற பிள்ளைகளில் பலருக்கு உள்ளே என்ன படிப்பு இருக்கிறது என்பதே தெரியாது.

கால்நடை மருத்துவத்தில் ஒரு குழப்பம் நிலவுகிறது. ‘டாக்டர் படிப்பு’ என்பதால் ‘நீட்’ தேவை என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ்-2 மதிப்பெண் அடிப்படையில்தான் நிரப்பப்படுகின்றன. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும்தான் ‘நீட்’ மதிப்பெண் பார்க்கிறார்கள். சென்னை, நாமக்கல் தவிர நெல்லை, ஒரத்தநாடு, தேனி, உடுமலைப்பேட்டை, தலைவாசல் என்று கல்லூரிகள் பரவியிருக்கின்றன. ஆடு, மாடு நடுவில் வளர்ந்த பிள்ளை, உயிரியல் படித்து நல்ல மார்க் எடுக்கும் என்றால், இந்த விண்ணப்பத்தைத் தவறவிடக் கூடாது.

ஆக, சயின்ஸ் குரூப்பா, வேளாண் குரூப்பா என்பதை மார்க்கை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. இயற்பியலும் வேதியியலும் ஓரளவு வருகிற பிள்ளை என்றால், சயின்ஸ் குரூப்பில் வாசல் அதிகம். அவை தலைக்குள் ஏறாமல், செய்து பார்த்துக் கற்கிற பிள்ளை என்றால், சயின்ஸ் குரூப்பில் தட்டுத் தடுமாறி 60 சதவிகிதம் வாங்குவதைவிட வேளாண் குரூப்பில் 90 வாங்குவது மேல்.

டி.சி. வாங்கும் முன் ஒரு நிமிடம்

இந்த விஷயத்தில்தான் விவசாயக் குடும்பங்கள் அதிகம் இழக்கின்றன. பத்தாம் வகுப்பில் பிள்ளை 450-க்கு மேல் எடுத்துவிட்டால் வீட்டில் ஒரு பதற்றம் வந்துவிடும். ‘இனிமேலாவது நல்ல ஸ்கூல்ல போடுவோம்’ என்று கறவை மாட்டை விற்று, நகையை வைத்து, நூறு மைல் தள்ளி ஹாஸ்டலோடு இருக்கிற தனியார் பள்ளியில் பிளஸ்-1 சேர்த்துவிடுவார்கள். லட்சக்கணக்கில் செலவு. அந்த டி.சி.யோடு சேர்ந்து அவர்கள் கையை விட்டுப் போவது 7.5 சதவிகித இட ஒதுக்கீடு.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ம் ஆண்டு வந்தது. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையை ஒட்டி வந்த சட்டம் அது. அடுத்த வருடம், 2021-ல், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் தனிச் சட்டம் மூலம் இது விரிவானது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுகிற பிள்ளையின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது.

இதற்கு அடிப்படை நிபந்தனை: 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடம், அதுவும் கடைசி இரண்டு வருடம், தனியார் பள்ளிக்குப் போனால் உரிமை போய்விடும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை இலவசமாகப் படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு விலக்கு உண்டு.

ஒரு கணக்கு. தனியார் பள்ளியில் இரண்டு வருடம் பணம் கட்டி, பிளஸ்-2-வில் இருபது, முப்பது மார்க் கூடுதலாக வாங்கி, பொதுப் பிரிவில் எல்லாரோடும் மோதி, இடம் கிடைத்தால் அங்கேயும் பணம் கட்டிப் படிப்பது ஒரு வழி. ஊர்ப் பள்ளியிலேயே படித்து, 7.5 சதவிகிதத்தில் இடம் வாங்கி, விடுதிக்கும் பணம் கட்டாமல் படிப்பது இன்னொரு வழி. எல்லாப் பிள்ளைக்கும் இரண்டாவது வழி பொருந்தும் என்று சொல்ல முடியாது. உள்ளூர்ப் பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லை என்றால் என்ன செய்வது? அப்போதும், தனியாருக்குப் போகும் முன் பக்கத்து ஊரில் ஆசிரியர் இருக்கிற அரசுப் பள்ளிக்கு மாற்றிப் பார்க்கலாம். பிளஸ்-1 மாணவருக்கு அரசு சைக்கிள் தருகிறது, பஸ் பாஸும் உண்டு. ஒரு மணி நேரம் முன்னால் எழுந்தால் முடிகிற காரியத்துக்கு மாட்டை விற்க வேண்டியதில்லை.

தாலிக்குத் தங்கம் போய், மாதம் ஆயிரம்

முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண நிதியுதவித் திட்டத்தைக் கிராமத்தில் ‘தாலிக்குத் தங்கம்’ என்பார்கள். 2022 செப்டம்பர் 5-ல் அது ‘புதுமைப் பெண்’ திட்டமாக மாறியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் வரும். பையன்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்த இரண்டு திட்டங்களும் பொருந்தும். ஆயிரம் ரூபாய் பெரிய தொகை அல்ல. ஆனால், ‘பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் யார் தருவது’ என்கிற ஒரே கேள்வியில் நின்றுபோகிற படிப்புகள் கிராமத்தில் ஏராளம். அந்தக் கேள்விக்கு இது பதில். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது.

வீட்டில் இதற்குமுன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், ‘முதல் பட்டதாரி’ சான்றிதழ் மறக்காமல் வாங்க வேண்டும். தொழிற்படிப்புகளில் ஒற்றைச் சாளர முறையில் சேர்கிறவர்களுக்கு இதைக் காட்டினால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. இதற்கு வருமான வரம்பு கிடையாது, சாதி பார்ப்பதும் கிடையாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் செய்கிற தவறு, பிளஸ்-2 ரிசல்ட் வந்த பிறகு இதற்காக ஓடுவது. அந்த நேரத்தில் வட்டம் முழுக்க இதே விண்ணப்பம்தான் குவிந்து கிடக்கும். சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களைப் பிள்ளை பிளஸ்-2 படிக்கும்போதே அரையாண்டு விடுமுறையில் வாங்கி வைத்துவிட்டால் கவுன்சலிங் சமயத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

அப்படியும் பணம் பற்றாவிட்டால் நிலத்தில் கை வைக்கும் முன் வங்கிக்குப் போகலாம். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். 7.5 லட்சம் வரை கடன் உத்தரவாதத் திட்டத்தின்கீழ் அடமானம் இல்லாமல் தர வழி இருக்கிறது. பயிர்க் கடன் நிலுவையைக் காட்டி மேலாளர் கையை விரித்தால், மறுப்பை எழுத்தில் கேட்பது நல்லது. எழுதித் தரச் சொன்னால் பேச்சின் தொனி மாறுவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

பட்டம் வாங்கினால் வேலை நிச்சயமா?

இல்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளும், இணைப்புக் கல்லூரிகளும், தனிப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வேளாண் பட்டதாரிகளை அனுப்புகின்றன. வேளாண்மை அலுவலர் பணியிடம் அந்த அளவுக்குக் கிடையாது. வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணிக்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு, நபார்டு தேர்வு, விதை, உர, சொட்டுநீர் நிறுவனங்கள் என்று வழிகள் இருக்கின்றன. தயாரிப்பு வேண்டும்.

தனியார் கல்லூரியில் நன்கொடை கொடுத்துச் சேர்க்கிறவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அந்தப் படிப்புக்கு ஐ.சி.ஏ.ஆர். எனப்படும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? மேற்படிப்புக்குப் போகும்போதும், சில வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்தக் கேள்வி வந்து நிற்கும். நான்கு வருடம் முடித்து, பல லட்சம் செலவழித்த பிறகு தெரிந்துகொள்வதில் பயன் இல்லை.

ஐ.டி.ஐ. என்றால் ஏன் தலைகுனிவு?

படிப்பே ஓடவில்லை, மோட்டாரைக் கழற்றி மாட்டுவதில்தான் கை போகிறது என்றால் அந்தப் பையனை பிளஸ்-1-ல் உட்கார வைத்து இரண்டு வருடம் வீணாக்குவானேன்? தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து நவீன இயந்திரங்களோடு மேம்படுத்தப்பட்டிருக்கின்றன. டிராக்டர் மெக்கானிக் என்றே தனிப் பிரிவு ஐ.டி.ஐ. பட்டியலில் உண்டு, எந்த ஐ.டி.ஐ.யில் நடக்கிறது என்று விசாரித்துச் சேர்க்கலாம். அறுவடை மெஷின் நடு வயலில் நின்றுபோய், மெக்கானிக்குக்காக இரண்டு நாள் காத்திருந்து, மழையில் நெல்லை இழந்தவர்களுக்கு அந்தப் படிப்பின் மதிப்பு தெரியும்.

ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்து, தமிழ், ஆங்கிலம் இரண்டையும் பிளஸ்-2 அளவில் எழுதித் தேறினால் அது பிளஸ்-2-வுக்குச் சமமாக ஏற்கப்படுகிறது. சுற்று வழிதான். ஆனால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிச் சம்பாதிக்க முடிகிற வழி.

பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போய்விட்டது என்றால்? துணைத் தேர்வு ஜூன், ஜூலையில் நடந்துவிடும். தேறினால் அதே ஆண்டு பிளஸ்-1 அல்லது பாலிடெக்னிக் சேரலாம். அதுவும் முடியாவிட்டால் எட்டாம் வகுப்புத் தகுதியிலேயே சேரக்கூடிய ஐ.டி.ஐ. பிரிவுகள் இருக்கின்றன, வயர்மேனும் வெல்டரும் அதில் அடக்கம். விண்ணப்பம் மே, ஜூன் மாதங்களில் ஆன்லைனில் நடக்கும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.க்கே நேரில் போனால், அங்குள்ள உதவி மையத்தில் பதிவு செய்து தருகிறார்கள். டி.சி., மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, ஆதார், போட்டோ ஆகியவற்றை எடுத்துப் போக வேண்டும்.